மதகின் இருபுறமும்: காவிரிப் படுகைப் பறவைச் சரணாலயங்களில் ஒன்றிய, மாநில அதிகார எல்லைகள்

ஆய்வுச்சுருக்கம்

திருவாரூர் மாவட்டத்தில் உள்ள வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைச் சரணாலயங்கள் இரண்டும் பாசன ஏரிகள் ஆகும். அவற்றின் நிலம் மாநில அரசினுடையது. அவற்றைச் சரணாலயமாக்கிய சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. அவற்றை நிரப்பும் நீர் மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆற்றினது. அவற்றின் பன்னாட்டுத் தகுதி ஒன்றிய அரசு ஏற்ற உடன்படிக்கையால் கிடைத்தது. இந்நான்கு அதிகாரங்களும் ஏரியின் மதகில் எவ்வாறு சந்திக்கின்றன என்பதையும், அச்சந்திப்பில் ஆயக்கட்டு உழவரின் நீருரிமை எந்நிலையில் நிற்கிறது என்பதையும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயம், பொதுப் பட்டியல், ஆயக்கட்டு, காவிரி, ராம்சர் உடன்படிக்கை, நன்செய்

முன்னுரை

நன்னிலம் வட்டத்தில் காடு இல்லை. அரசலாறு, திருமலைராசன் ஆறு, முடிகொண்டான் ஆறு எனக் காவிரியின் கிளைகள் பிரிந்து பாயும் இவ்வட்டத்தின் நிலம் பெரிதும் நெல்வயலே. தேசியப் பூங்கா என்றவுடன் நினைவுக்கு வரும் மலையும் புல்வெளியும் இங்கு இல்லை. தமிழ்நாட்டின் தேசியப் பூங்காக்களான கிண்டி, முதுமலை, முக்குறுத்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா ஆகிய ஐந்தும் இப்படுகைக்கு வெளியே அமைந்தவை. ஆயினும், நன்னிலம் அடங்கியுள்ள திருவாரூர் மாவட்டத்திலேயே இரு பறவைச் சரணாலயங்கள் உள்ளன. ஒன்று, தஞ்சாவூர் – மன்னார்குடிச் சாலையில் உள்ள வடுவூர் ஏரி. மற்றொன்று, திருத்துறைப்பூண்டி அருகில் உள்ள உதயமார்த்தாண்டபுரம் ஏரி. இரண்டும் 1990களின் பிற்பகுதியில் சரணாலயங்கள் ஆயின. 2022இல் இரண்டும் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. அப்பட்டியலில் வடுவூரின் பரப்பு 112.64 எக்டேர், உதயமார்த்தாண்டபுரத்தின் பரப்பு 43.77 எக்டேர்.

நத்தைக்குத்தி நாரையும் வக்காவும் அரிவாள்மூக்கனும் கூடும் இவ்வேரிகள் பறவைகளுக்காக வெட்டப்பட்டவை அல்ல. இவற்றின் கரைகளும் மதகுகளும் கலிங்குகளும் பாசனத்திற்காக எழுந்தவை. சரணாலயம் என்னும் தகுதி பிற்காலத்தில் அவற்றின்மேல் ஏற்றப்பட்டது. எனவே, ‘இந்நிலத்தின்மேல் யாருக்கு அதிகாரம்?’ என்னும் வினா முதுமலையில் எழுவதைப்போல் இங்கு எழுவதில்லை. இங்கு அவ்வினா நீரோடு பிணைந்தது.

நிலம் என்னும் சொல்லின் பொருள்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2இல் ‘நிலம்’ என்னும் சொல்லுக்குத் தரப்பட்டுள்ள விளக்கம் தனித்து நோக்கத்தக்கது. கால்வாய்கள், ஓடைகள், பிற நீர்வழிகள், நீர்த்தேக்கங்கள், ஆறுகள், இயற்கையானவையும் செயற்கையானவையுமான ஏரிகள், சதுப்புகள், ஈரநிலங்கள், பாறைகள் ஆகிய அனைத்தையும் அச்சொல் உள்ளடக்கும். அதாவது, மனிதர் கட்டிய ஏரியும் அதற்கு நீர் கொணரும் வாய்க்காலும் இச்சட்டத்தின் பார்வையில் நிலமே. வருவாய்த்துறைக் கணக்கில் ‘ஏரிப் புறம்போக்கு’ எனவும், பொதுப்பணித்துறைக் கணக்கில் இத்தனை ஏக்கர் ஆயக்கட்டுடைய நீர்நிலை எனவும் எழுதப்பட்ட ஒரே இடம், வனத்துறைக் கணக்கில் சரணாலய நிலம் ஆவதற்கு இவ்விளக்கமே வழிவிட்டது.

இந்த நிலம் சரணாலயமானபின் ஒன்றிய அரசுக்கு உடைமையாகிறது எனச் சிலர் கருதுவதுண்டு. ‘தேசியப் பூங்கா’ என்னும் பெயரிலுள்ள ‘தேசிய’ என்னும் அடைமொழியும் அக்கருத்துக்குத் துணைபோகிறது. அது பிழையான கருத்தாகும். பிரிவு 18இன்படிச் சரணாலயம் அமைக்கும் எண்ணத்தை அறிவிப்பதும், பிரிவு 35இன்படித் தேசியப் பூங்காவை அறிவிப்பதும் மாநில அரசின் செயல்களே. ஒன்றிய அரசு தானே ஒரு சரணாலயத்தை அறிவிக்க வேண்டுமாயின், பிரிவு 38இன்படி மாநில அரசு அந்நிலத்தை முதலில் அதற்குக் குத்தகையாகவோ வேறு வகையிலோ மாற்றித் தந்திருக்க வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முறை இதற்கு நேர்மாறானது. 1872இல் உருவான எல்லோஸ்டோன் பூங்காவின் நிலம் கூட்டரசினுடையது. 1890இல் வயோமிங் தனி மாநிலமாக ஏற்கப்பட்டபோதும் அப்பூங்காவின்மேலான முழு அதிகாரத்தைக் கூட்டரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. அந்நாட்டுப் பூங்காக்களில் கூட்டரசின் தனியதிகாரம், இருவருக்கும் பொதுவான அதிகாரம், நிலவுடைமையாளர் என்ற அளவில் மட்டும் அமைந்த அதிகாரம் என மூவகை நிலைகள் உள்ளன. ஒரு பூங்காவில் நிகழும் திருட்டை எந்த அரசின் காவலர் விசாரிப்பது என்பதுகூட இவ்வகைப்பாட்டைப் பொறுத்ததே. இந்தியாவில் அவ்வகைச் சிக்கல் இல்லை. வடுவூர் ஏரிக்கரையில் நிகழும் குற்றத்தை மாநிலக் காவல்துறையே விசாரிக்கும்; வழக்கு வழக்கமான நீதிமன்றத்திற்கே செல்லும். நிலத்தைப் பிரிக்காமல், அந்நிலத்தின்மேல் எடுக்கப்படும் முடிவுகளைப் பிரித்தது இந்திய முறை.

பட்டியல் மாறிய வரலாறு

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது காடுகள் மாநிலப் பட்டியலின் பதிவு 19ஆகவும், காட்டு விலங்கு, பறவைகளின் பாதுகாப்பு பதிவு 20ஆகவும் இருந்தன. எனவே 1972இல் நாடாளுமன்றம் தன் விருப்பத்தால் மட்டும் வன உயிரினச் சட்டத்தை இயற்ற இயலவில்லை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் இயற்றி வேண்டினால், மாநிலப் பொருள் ஒன்றில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்னும் உறுப்பு 252 அதற்குப் பயன்பட்டது. பதினொரு மாநிலங்கள் அவ்வாறு தீர்மானம் இயற்றின. அவற்றின் பெயர்கள் சட்டம் இயற்றப்பட்டபோது அதன் முகப்புரையிலேயே இருந்தன. அவற்றுள் தமிழ்நாடு இல்லை. பின்னர்த் தமிழ்நாடும் அச்சட்டத்தை ஏற்றது.

உறுப்பு 252இல் ஒரு கண்ணி உண்டு. அவ்வழியில் இயற்றப்பட்ட சட்டத்தை, அதைக் கேட்டுப் பெற்ற மாநிலம் தானே திருத்தவோ நீக்கவோ இயலாது. நாடாளுமன்றமே அதைச் செய்ய வேண்டும். விரும்பித் தந்த அதிகாரத்தை விரும்பித் திரும்பப் பெறும் வழி மாநிலத்திற்கு இல்லை.

1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அந்தத் தேவையையும் நீக்கிவிட்டது. நெருக்கடிநிலைக் காலத்தில் நிறைவேறிய அத்திருத்தத்தால் காடுகளும் வன உயிரினப் பாதுகாப்பும் 17அ, 17ஆ என்னும் பதிவுகளாகப் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குச் சென்றது தமிழ்நாட்டில் இன்றும் பேசப்படுகிறது. அதே திருத்தத்தால் காடும் பறவையும் சென்றன என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 

எனினும் காவிரிப் படுகையைப் பொறுத்தவரை அதே திருத்தம் தொடாமல் விட்ட பதிவே முதன்மையானது. நீர் வழங்கல், பாசனம், கால்வாய், வடிகால், கரை, நீர்த்தேக்கம் ஆகியவற்றைக் கூறும் பதிவு 17 மாநிலப் பட்டியலிலேயே நீடிக்கிறது. நிலத்தைக் கூறும் பதிவு 18உம், வேளாண்மையைக் கூறும் பதிவு 14உம், மீன்வளத்தைக் கூறும் பதிவு 21உம் அவ்வாறே. ஆகவே உதயமார்த்தாண்டபுரம் ஏரியில் ஒரு பறவை நிற்கும்போது, அப்பறவை பொதுப் பட்டியலிலும், அது நிற்கும் நீர் மாநிலப் பட்டியலிலும் உள்ளன. நீர் பற்றிய பதிவு 17உம் முழு உரிமை அன்று. மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளைப் பற்றிய ஒன்றியப் பட்டியலின் பதிவு 56க்கு அது உட்பட்டது.

எல்லைக்கோட்டைத் திருத்துவோர் யார்?

ஒரு சரணாலயத்தை அமைப்பது மாநிலம் என்றால், அதன் எல்லையை மாற்றுவதும் மாநிலமாகவே இருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது இயல்பு. முன்பு அவ்வாறே இருந்தது. மாநிலச் சட்டமன்றத்தின் தீர்மானம் இன்றி எல்லையை மாற்றலாகாது என்பதே விதி. அமைச்சரவை தனித்து முடிவு செய்யாதபடி மக்கள் பிரதிநிதிகளின் அவையைக் காவலாக வைத்த ஏற்பாடு அது. 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2003 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது அந்தக் காவல் இடம் மாறியது. பிரிவு 26அ, பிரிவு 35 ஆகியவற்றில் ‘சட்டமன்றத் தீர்மானம்’ இருந்த இடத்தில் ‘தேசிய வாரியத்தின் பரிந்துரை’ வந்தது. தேசிய வன உயிரின வாரியத்தின் தலைவர் பிரதமர்.

சரணாலயங்களைச் சுருக்கத் துடித்த மாநில அரசுகள் இருந்தன என்பதும், சட்டமன்றப் பெரும்பான்மை அவற்றுக்கு எளிதில் கிடைத்தது என்பதும் இம்மாற்றத்திற்கு நியாயமாகக் கூறப்படுவன. அந்நியாயத்தில் உண்மை உண்டு. ஆனால் நிலம் மாநிலத்தினது, பராமரிப்புச் செலவில் பெரும்பங்கு மாநிலத்தினது, சிக்கல் எழுந்தால் எதிர்கொள்வதும் மாநிலம் என்னும் நிலையில், சட்டமன்றத்தின் வாக்கு முற்றிலும் நீக்கப்பட்டதற்கு அது போதிய விடை ஆகாது. இரண்டையும் இணைத்தே கேட்டிருக்கலாம்.

மதகும் பிரிவு 29உம்

அதே 2002ஆம் ஆண்டுத் திருத்தம் பிரிவு 29இல் ஒரு தொடரைச் சேர்த்தது. சரணாலயத்திற்குள் வரும் நீரையோ அதிலிருந்து வெளியே செல்லும் நீரையோ திருப்புவதும், நிறுத்துவதும், மிகுவிப்பதும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதிச் சீட்டு இன்றிச் செய்யலாகாது என்பதே அது. அவரும் தாமாக அனுமதி தர இயலாது. அந்த நீர்மாற்றம் அங்குள்ள வன உயிரினங்களின் மேம்பாட்டுக்கும் நல்ல மேலாண்மைக்கும் தேவையானது என, மாநில வன உயிரின வாரியத்தைக் கலந்து மாநில அரசு நிறைவடைய வேண்டும். தேசியப் பூங்காவாயின் பிரிவு 35இன்படிக் கலந்து பேசப்பட வேண்டியது தேசிய வாரியம்.

மலைக்காட்டுச் சரணாலயம் ஒன்றில் ஓடையை மறித்துத் தோட்டத்திற்கு நீர் கொண்டுபோவாரைத் தடுக்க இத்தொடர் மிகப் பொருத்தமானது. இதே தொடரைப் பாசன ஏரி ஒன்றின்மேல் வைத்துப் படித்தால் நிலைமை வேறாகிறது. மதகைத் திறப்பது, நீர் வெளியேறுவதை மிகுவிப்பது. மதகை அடைப்பது, நிறுத்துவது. வாய்க்காலில் முறைவைத்து நீர் விடுவது, திருப்புவது. ஆண்டுதோறும் நீர்வளத்துறையின் லஸ்கரும் ஊரின் நீர்க்கட்டியும் செய்துவரும் அன்றாட வேலைகளே பிரிவு 29இன் மூன்று வினைச்சொற்களுக்கும் உரிய பொருளாகிவிடுகின்றன. சம்பாப் பயிர் கதிர்விடும் நேரத்தில் நீர் விடுவதற்கான காரணம் நெல்லே; பறவையின் மேம்பாடு அன்று. சொல்லுக்குச் சொல் படித்தால் அதற்கு அனுமதி வழங்கவும் வழியில்லை.

நடைமுறையில் யாரும் இவ்வாறு படிப்பதில்லை. ஏரிகளில் பாசனம் தொடர்ந்தே வந்துள்ளது. ஆனால், சட்டத்தின் சொல்லுக்கும் ஏரியின் வழக்கத்துக்கும் இடையே இருந்த இந்த இடைவெளி அதிகாரிகளின் நல்லெண்ணத்தால் மட்டும் நிரப்பப்பட்டிருந்தது. ஓராண்டு நீர் குறைந்து, பறவைகள் கூட்டில் குஞ்சுகளோடு இருக்க, வயலும் காய்ந்தால் அந்நல்லெண்ணம் இருபுறமும் இழுக்கப்படும். வனத்துறைக்கு ஏரியில் நீர் நிற்க வேண்டும். நீர்வளத்துறைக்கு நீர் வயலுக்குச் செல்ல வேண்டும். இரண்டும் ஒரே மாநில அரசின் துறைகள் என்பதால் இதனை ஒன்றிய, மாநிலப் பூசல் எனக் கூற இயலாது என வாதிடலாம். ஆனால் ஒரு துறை கையில் வைத்திருப்பது நாடாளுமன்றத்தின் சட்டம். மற்றது கையில் வைத்திருப்பது மாநிலப் பட்டியலின் பதிவு 17. கூட்டாட்சியின் கோடு இங்கு இரு அரசுகளுக்கு இடையே ஓடாமல், ஒரே மாவட்டத்தின் இரு அலுவலகங்களுக்கு இடையே ஓடுகிறது.

2022ஆம் ஆண்டின் திருத்தம் இவ்விடைவெளியை ஓரளவு அடைத்துள்ளது. பிரிவு 29இன் விளக்கக் குறிப்பு முன்பு கால்நடை மேய்ச்சலை மட்டும் விலக்காகக் கூறியது. இப்போது அதனோடு, பிரிவு 24(2)(இ)இன்படித் தொடர அனுமதிக்கப்பட்ட உரிமைகளைப் பயன்படுத்துவதும், உள்ளூர் மக்கள் குடிப்பதற்கும் வீட்டுத் தேவைக்கும் நீரை உண்மையாகப் பயன்படுத்துவதும் தடை செய்யப்பட்ட செயல்கள் ஆகா எனச் சேர்க்கப்பட்டுள்ளது. குடிநீரும் வீட்டு நீரும் வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளன. பாசன நீர் கூறப்படவில்லை. எனவே பாசனத்திற்குப் பாதுகாப்பு வேண்டுமாயின் அது பிரிவு 24(2)(இ) என்னும் ஒரே வாயில் வழியாகத்தான் வர இயலும்.

பிலிகுண்டுலு முதல் ஏரி வரை

ஏரியின் மதகு வரை வரும் நீரின் வழியையும் நோக்க வேண்டும். உதயமார்த்தாண்டபுரம் ஏரி மேட்டூர் அணையிலிருந்து வரும் காவிரி நீரால் நிரம்புகிறது. 1934இல் நிறைவடைந்த அவ்வணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. நடைமுறையில் அந்த நாள் முன்னும் பின்னும் நகர்கிறது: 2022இல் மே 24ஆம் நாளே அணை திறக்கப்பட்டது, 2024இலோ ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. 

மேட்டூருக்கு நீர் வருவது கர்நாடகம் விடுவதைப் பொறுத்தது. 1990இல் அமைக்கப்பட்ட காவிரி நடுவர்மன்றம் 2007 பிப்ரவரி 5இல் இறுதித் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2018 பிப்ரவரி 16இல் அதனைத் திருத்தி, எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் தர வேண்டும் என்றது. அதனைக் கண்காணிக்கும் காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தை ஒன்றிய அரசு 2018 ஜூன் 1இல் அமைத்தது. ஒரு பாசன ஆண்டின் ஆகஸ்டு மாதத்திற்கு மட்டும் 45.95 டி.எம்.சி. குறிக்கப்பட்டுள்ளது, ஜனவரிக்கு 2.76. நடுவர்மன்றம் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கெனவும் 10 டி.எம்.சி. ஒதுக்கியது. ஆனால் அது படுகை முழுமைக்கும் ஆன பொது ஒதுக்கீடு. இன்ன ஏரிக்கு இவ்வளவு என எழுதப்பட்டதன்று.

ஆக, சரணாலயத்தின் உயிர்ப்பை முடிவு செய்யும் முதல் முடிவு ஒன்றிய ஆணையத்தின் கூட்டத்தில் எடுக்கப்படுகிறது. மேட்டூரைத் திறப்பது மாநில அரசு. கிளையாற்றின் ரெகுலேட்டரை இயக்குவது நீர்வளத்துறை. இம்மூன்றும் முடிந்தபின்னரே வன உயிரினக் காப்பாளரின் அதிகாரம் தொடங்கும் எல்லைக்கு நீர் வந்து சேர்கிறது. வராத நீரை அவர் பிரிவு 29ஐக் காட்டிப் பெற இயலாது.

உடன்படிக்கையின் எல்லை

ராம்சர் தகுதி இவ்வமைப்பில் மற்றோர் அடுக்கைச் சேர்க்கிறது. 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான ஈரநில உடன்படிக்கையில் இந்தியா 1982இல் இணைந்தது. பிற நாடுகளோடு செய்யும் உடன்படிக்கை ஒன்றியப் பட்டியலின் பொருள். அதனை நிறைவேற்ற மாநிலப் பொருளிலும் சட்டம் இயற்ற உறுப்பு 253 நாடாளுமன்றத்திற்கு அதிகாரம் தருகிறது.

ராம்சர் எல்லையும் சரணாலய எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்குப் படுகையின் முனையிலுள்ள கோடியக்கரையே சான்று. 1967இல் வெளிமானுக்காகவும் கடலோரப் பறவைகளுக்காகவும் அமைந்த அச்சரணாலயத்தின் தொடக்கப் பரப்பு 17.26 சதுர கிலோமீட்டர், அதாவது 1,726 எக்டேர். 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் இடமாக அது அறிவிக்கப்பட்டபோது எழுதப்பட்ட பரப்போ 38,500 எக்டேர். தலைஞாயிறு காப்புக்காடும், அளக்கப்படாத உப்புச் சதுப்பும், முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் அவ்வெல்லைக்குள் வந்தன. காப்புக்காட்டிற்கு வனச் சட்டம், சதுப்பிற்கு வருவாய்த்துறை, கடற்பரப்பிற்கு வேறு விதி. கடல் எல்லைக்குள் சரணாலயம் அறிவிக்கப் பிரிவு 26அ ஒன்றிய அரசின் முன் ஒப்புதலைக் கேட்கிறது. 1930இல் உப்புச் சத்தியாகிரகம் நிகழ்ந்த வேதாரண்யத்தில் இன்றும் விளையும் உப்போ ஒன்றியப் பட்டியலின் பதிவு 58இல் உள்ளது. ஒரே வரைபடக் கோட்டிற்குள் இத்தனை அதிகாரங்கள் உள்ளன.

இந்த உடன்படிக்கையை உள்நாட்டில் நடைமுறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் திருவாரூர் ஏரிகளுக்கு விந்தையான நிலையை உண்டாக்கியுள்ளன. அவ்விதிகள் ராம்சர் இடங்களுக்குப் பொருந்தும். ஆனால் பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட அமைப்புகளை ‘ஈரநிலம்’ என்னும் விளக்கத்திலிருந்து அவை விலக்குகின்றன. வன உயிரினச் சட்டத்தின்கீழ் வரும் இடங்களுக்கும் அவை பொருந்தா. உதயமார்த்தாண்டபுரம் ராம்சர் இடம், பாசன ஏரி, சரணாலயம் ஆகிய மூன்றும் ஆகும். ஒரு தகுதியால் உள்ளே வந்து, இரு தகுதிகளால் வெளியே செல்கிறது. 

அவ்விதிகள் நெல்வயலையும் விலக்குகின்றன. ராம்சர் உடன்படிக்கை நெல்வயலை ஈரநில வகைகளுள் ஒன்றாகக் கொள்கிறது. 2008இல் நெல்வயல்களுக்கெனத் தனித் தீர்மானமே இயற்றியது. வருவாய்க் கணக்கில் ‘நன்செய்’ என்றும், ஆங்கிலேயர் காலப் பதிவேடுகளில் ஈரநிலம் என்னும் பொருள்படவும் எழுதப்பட்டுவந்த நன்னிலத்து வயல், 2017ஆம் ஆண்டு விதிகளின்படி ஈரநிலம் அன்று.

ஏரிக்கரைக்கு வெளியே

ஏரியில் தங்கும் பறவைகள் இரை தேடுவது பெரும்பாலும் அவ்வயல்களில்தான். நத்தைக்குத்தி நாரைக்கு வயல் நத்தை உணவு. ஏரிக்கரையைக் கடந்தவுடன் பறவை சரணாலயத்தை விட்டு நீங்குகிறது. சட்டத்தை விட்டு நீங்குவதில்லை. பிரிவு 9இன் வேட்டைத் தடை தனியார் பட்டா நிலத்திலும் செல்லும். பயிருக்குச் சேதம் விளைவிக்கும் உயிரினத்தின்மேல் நடவடிக்கைக்கு அனுமதி தருவது, அட்டவணை 2இல் உள்ளவற்றைப் பொறுத்தவரை, பிரிவு 11இன்படி மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர். அவ்வட்டவணையிலுள்ள உயிரினம் ஒன்றைக் குறிப்பிட்ட பகுதியில் தீங்குயிரி என அறிவிப்பதோ பிரிவு 62இன்படி ஒன்றிய அரசு. இளம்பயிரை மிதிக்கும் தாழைக்கோழியைப் பற்றி முறையிடும் உழவர் முதலில் அறிய வேண்டிய வேறுபாடு இது.

சரணாலயத்தைச் சூழ்ந்த நிலத்தைச் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவிப்பதும் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒன்றிய அரசின் அதிகாரம். எனவே ஏரியின் உட்பகுதியை அறிவித்தது மாநிலத்தின் அரசிதழ். அதனைச் சூழ்ந்த வளையத்தை அறிவிக்க வேண்டியது ஒன்றியத்தின் அரசிதழ். 2022 ஜூன் 3இல் உச்சநீதிமன்றம் எல்லாக் காப்பிடங்களுக்கும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் வளையம் வேண்டும் என ஆணையிட்டது. ஊர்களும் வயல்களும் நெருங்கியுள்ள இடங்களில் அது நடைமுறைக்கு ஒவ்வாது என்னும் முறையீடுகளுக்குப் பின் 2023 ஏப்ரல் 26இல் அவ்வாணையைத் தளர்த்தியது. ஏரிக்கரையிலேயே ஊர் தொடங்கும் காவிரிப் படுகையில் ஒரு கிலோமீட்டர் என்பது சிறு அளவன்று.

இதற்கு எதிர்த்திசையில் மாநிலம் இயற்றிய சட்டமும் உண்டு. 2020இல் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களிலும் எண்ணெய், இயற்கை எரிவளிக்கான புதிய அகழ்வைத் தடுத்தது. நன்னிலமும் அதற்குள் அடங்கும். எண்ணெய் வயல்கள் ஒன்றியப் பட்டியலின் பதிவு 53இல் உள்ளன. அச்சட்டம் வேளாண்மை, நிலம் ஆகிய மாநிலப் பதிவுகளைப் பற்றி நிற்கிறது. 2023இல் ஒன்றிய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் வடசேரி உள்ளிட்ட மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் இடம்பெற்று, எதிர்ப்புக்குப் பின் சில நாள்களில் நீக்கப்பட்டன. அது அரசியல் முடிவாக அமைந்தது. எந்தப் பட்டியல் மேலோங்கும் என்னும் சட்ட வினா நீதிமன்றத்தில் தீர்க்கப்படவில்லை.

உரிமைப் பதிவு

இத்தனை அடுக்குகளுக்குக் கீழே ஆயக்கட்டு உழவரின் நிலை பிரிவுகள் 19 முதல் 26 வரை விவரிக்கப்படும் ஒரு விசாரணையைச் சார்ந்துள்ளது. சரணாலயம் அமைக்கும் எண்ணம் அறிவிக்கப்பட்டதும், அந்நிலத்தில் யாருக்கு என்ன உரிமை உண்டு என மாவட்ட ஆட்சியர் விசாரிக்க வேண்டும். பிரிவு 21இன்படிச் சுற்றியுள்ள ஊர்களில் வட்டார மொழியில் பிரகடனம் வெளியிட வேண்டும். உரிமை கோருவோர் இரண்டு மாதங்களுக்குள் எழுத்தில் கோர வேண்டும். பிரிவு 22 இன்னும் ஒருபடி மேலே செல்கிறது: எவரும் கோராத உரிமைகளையும், அரசு ஆவணங்களிலிருந்தும் அறிந்தோர் சாட்சியத்திலிருந்தும் தெரியவரும் அளவுக்கு ஆட்சியரே விசாரிக்க வேண்டும். ஏரியின் ஆயக்கட்டுப் பதிவேடும் அடங்கலும் அத்தகைய அரசு ஆவணங்களே. பின்னர், அவ்வுரிமையை ஏற்கலாம், மறுக்கலாம், அல்லது தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்து தொடர அனுமதிக்கலாம். அவ்வாறு தொடர அனுமதிப்பதே பிரிவு 24(2)(இ). தேசியப் பூங்காவில் உரிமைகள் அனைத்தும் அரசுக்கு வந்து சேர்ந்தால்தான் இறுதி அறிவிப்பு வெளிவரும். பாசன ஏரி ஒன்று சரணாலயமாக இருக்க இயலும், தேசியப் பூங்காவாக இருக்க இயலாது என்பதற்குக் காரணம் இவ்வேறுபாடே.

காவிரிப் பாசனத்தில் உழவரின் நீருரிமை பெரும்பாலும் எழுதப்படாதது. நீரைப் பங்கிடும் அதிகாரம் அரசுக்கு உண்டு, ஆனால் இரயத்துவாரி நிலத்திற்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த மாமூல் நீரைக் குறைக்கலாகாது என்பது சென்னை மாகாண நீதிமன்றங்கள் வளர்த்தெடுத்த கொள்கை. வழக்கத்தில் வாழும் அத்தகைய உரிமை, இரண்டு மாதத்தில் எழுத்துமூலம் கோரப்படும் உரிமையாக மாறுவது எளிதன்று. ஏரி நேற்றுவரை பாய்ந்தது, நாளையும் பாயும் என இருப்போர் மனு எழுத மாட்டார். 

விசாரணை முடியாமல் நாடெங்கும் சரணாலயங்கள் பல ஆண்டுகள் கிடந்ததைக் கண்டு, பிரகடனத்தை இரண்டு மாதத்திலும் விசாரணையை ஓராண்டிலும் முடிக்குமாறு 1997 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் பிரிவு 25அ வழியாக இரண்டாண்டு வரம்பை விதித்தது. ஆனால் அதே திருத்தத்தின் பிரிவு 18அ, எண்ணம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே பிரிவுகள் 27 முதல் 33அ வரையான கட்டுப்பாடுகள் செல்லும் என்றது. கட்டுப்பாடு முதல் நாளில் வருகிறது. உரிமை விசாரணைக்குப் பின் வருகிறது.

ஆகவே ஓர் ஏரிச் சரணாலயத்தில் பாசனத்தின் சட்டநிலையை அறிய விரும்புவோர் தேட வேண்டிய ஆவணம், ஆட்சியர் பிரிவு 24இன்கீழ்ப் பிறப்பித்த ஆணையும் அதனோடு இணைந்த உரிமைப் பட்டியலும் ஆகும். அதில் எந்த மதகு, எத்தனை ஏக்கர், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என எழுதப்பட்டிருந்தால், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அப்பாசனம் பிரிவு 29இன் தடைக்குள் வாராது. ‘வழக்கமான பாசனம் தொடரும்’ என ஒற்றை வரியில் முடிக்கப்பட்டிருந்தால், நீர் குறைந்த ஆண்டில் அவ்வரிக்கு எவ்வளவு பொருள் உண்டு என்பதை நீர்வளத்துறையும் வனத்துறையும் பேசித் தீர்க்க வேண்டும். மேட்டூர் ஜனவரி 28இல் மூடப்பட்ட பின்னர் ஏரியில் எஞ்சி நிற்கும் நீரே தாமதமாக நட்ட தாளடிக்கும், இன்னும் பறக்கப் பழகாத குஞ்சுகளுக்கும் பொதுவானது.